மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

பிள்ளைகளே, பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறித்துவிட்டால் சீனன்குடாப் பக்கம் விடியற்காலையிலேயே விழித்துக்கொள்ளும். வீதியோரமாகச் சிலர் ஓடுவார்கள். புகையிரத நிலையத்துப் பக்கம் சிலர். வெள்ளைமணல் கரையில் கால் புதையப் புதைய இன்னும் சிலர். சிவப்பு இல்லமோ நீல இல்லமோ, எல்லோருக்கும் குறி ஒன்றுதான்: மரதன் ஓட்டம்.

உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தத் தூரம்தான் ஓடப்பட்டது. 1921இல் இதுவே நிலையான அளவாயிற்று. பாடசாலையில் நாங்கள் மரதன் என்று சொல்வது அதைவிட மிகவும் குறைந்த தூரம். ஆனாலும் முதன்முதலாக ஓடுகிற ஒரு பிள்ளைக்கு அந்தச் சில கிலோமீற்றரும் பெரிய தூரம்தான்.

புதிதாக ஓடத் தொடங்கும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான் நடக்கும். முதல் நாள், "ஐயோ, இளைக்குது" என்று நிற்பீர்கள். இரண்டாம், மூன்றாம் நாள் தொடையும் கெண்டைக்காலும் உளையும். படியில் இறங்கவே ஏலாது. இரண்டு கிழமை போனால் மூச்சு பழகிவிடும். "இப்ப எனக்கு ஓட ஏலும்" என்று சந்தோஷமாகத் தூரத்தைக் கூட்டுவீர்கள். அப்போதுதான் முன்காலெலும்போ, முழங்காலோ, குதிக்காலோ நோகத் தொடங்கும்.

மூச்சு சரியான பிறகு கால் ஏன் நோகவேண்டும்? எங்கள் உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. குருதி சில நாட்களில் மாறத் தொடங்கும். தசைக்குக் கிழமைகள் வேண்டும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு முந்திப்போய், எலும்பு பிந்தி நிற்கும் அந்த இடைவெளியில்தான் அநேகமான நோவுகள் வருகின்றன. அந்த ஒவ்வொரு பகுதிக்குள்ளும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதல் நிமிடங்களில் ஏன் இளைக்கிறது?

தசை சுருங்குவதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தியைக் கையில் தருவது ஏரிபி என்ற ஒரு சேர்வை. தசைக்குள் அது கொஞ்சமே இருக்கும். இரண்டு மூன்று செக்கனுக்குத்தான் காணும். அதை உடனுக்குடன் புதுப்பிக்க இன்னொரு சேமிப்பும் தசையில் உண்டு. இரண்டும் சேர்ந்தாலும் முழு வேகத்தில் பத்துச் செக்கன் அளவுக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு குளுக்கோசையும் கொழுப்பையும் உடைத்துத்தான் ஏரிபி செய்யவேண்டும். நெடுநேரம் செய்வதற்கு ஒட்சிசன் அவசியம்.

ஒட்சிசனைக் கொண்டுவருவது குருதி. குருதியைத் தள்ளுவது இதயம். வளர்ந்த ஒருவரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியைத் தள்ளுகிறது. கடுமையாக ஓடும்போது அது 20 லீற்றரைத் தாண்டும். நீங்கள் ஓடத் தொடங்கிய அந்தக் கணமே இதயம் 5இலிருந்து 20க்குப் பாய்ந்துவிடாது. முழு வேலைக்கு வர அதற்கும் நுரையீரலுக்கும் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசைகள் ஒட்சிசன் போதாமலே சக்தியை உண்டாக்கிச் சமாளிக்கின்றன. அப்படிச் சமாளிக்கிற நேரம்தான் உங்களுக்கு மிகவும் கஷ்டமாகத் தெரிகிறது.

விசில் ஊதியதும் பாய்ந்து ஓடுகிறவர்கள் முதல் வளைவிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதயம் வேலைக்கு வருமுன்னரே அவர்கள் தசையின் சேமிப்பைச் செலவழித்துவிட்டார்கள். நெடுந்தூர ஓட்டத்தின் முதல் பாடம், மெதுவாகத் தொடங்குவது.

1970ஆம் ஆண்டு பாங்கொக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் எங்கள் நாட்டு லூசியன் றோசா. அவர் எடுத்த நேரம் ஏறத்தாழ 30 நிமிடம். மைதானத்தில் 400 மீற்றர்ச் சுற்று 25. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சராசரியாக ஒரு சுற்றுக்கு 72 செக்கன். ஒரே ஒரு சுற்றை அந்த நேரத்தில் ஓட உங்கள் பாடசாலையிலும் சிலருக்கு ஏலும். இன்னும் 24 சுற்றுக்குப் போதுமான ஒட்சிசன் தசைக்கு வந்துகொண்டே இருப்பதில்தான் திறமை இருக்கிறது.

உங்கள் வேகம் சரியா என்று அறிய கருவி ஒன்றும் தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிற நண்பனுடன் ஒரு முழு வசனம் பேசிப் பாருங்கள். பேச முடிந்தால் ஒட்சிசன் போதுமான அளவு வருகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள்.

ஓடும்போது சிலருக்கு விலாப் பக்கம் குத்தும். இதன் காரணம் பற்றி விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒரே முடிவு இல்லை. பிரிமென்றகட்டின் களைப்பு என்பார்கள் சிலர்; வயிற்றின் உட்சுவரைப் போர்த்திருக்கும் மெல்லிய படலம் உரசப்படுவது என்பார்கள் சிலர். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் அது கூடும் என்பது மட்டும் தெளிவு. வேகத்தைக் குறைத்து ஆழமாக மூச்சு விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

முதலில் பழகுவது குருதி

ஒழுங்காக ஓடத் தொடங்கி ஒன்றிரண்டு கிழமைக்குள் உடம்பு செய்கிற முதல் மாற்றம் குருதியில்தான். குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையத்தின் அளவு கூடுகிறது. அளவு கூடிய குருதி இதயத்தை நன்றாக நிரப்புகிறது. நிரம்பிய இதயம் ஒரு துடிப்பில் முன்பைவிடக் கூடுதலாகத் தள்ளுகிறது. அதே வேலைக்கு இப்போது துடிப்புகள் குறைவாகப் போதும். இரண்டாம் கிழமையில் "இளைப்புக் குறைஞ்சிட்டுது" என்று நீங்கள் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். காலையில் கண் விழித்ததும் பாயை விட்டு எழும்பாமல், பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைத் தொடுங்கள். 15 செக்கனுக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். அப்பியாசக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். ஒரு நாளின் எண்ணை வைத்து எதுவும் சொல்ல ஏலாது. காய்ச்சல் வந்தாலோ, நித்திரை குறைந்தாலோ அது கூடும். ஒவ்வொரு கிழமையின் சராசரியையும் எடுத்து ஒரு வரைபு கீறுங்கள். பல கிழமை ஒழுங்காக ஓடியவருக்கு அந்தக் கோடு மெல்லக் கீழே இறங்கலாம். வழமையைவிட நாடி நன்றாகக் கூடியிருக்கும் நாளில் ஓடாமல் ஓய்வெடுப்பது நல்லது.

எலிகள் சொன்ன செய்தி

அடுத்ததாகப் பழகுவது தசை. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோன் ஹொலோசி என்ற ஆய்வாளர் எலிகளை ஓடும் பட்டியில் ஓடப் பழக்கினார். எடுத்த எடுப்பில் ஓட்டவில்லை; நேரத்தையும் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டு கிழமைப் பயிற்சியின் பின் ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் ஓட அந்த எலிகளால் முடிந்தது. பிறகு அவற்றின் கால் தசைகளை ஆராய்ந்தபோது, ஒட்சிசனைக் கொண்டு சக்தியை ஆக்கும் ஆற்றல், ஓடாத எலிகளின் தசையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

எங்கே நடந்தது அந்த மாற்றம்? கலங்களுக்குள் இருக்கிற இழைமணிகளில். ஒட்சிசனைப் பயன்படுத்தி ஏரிபி செய்கிற இடம் அதுதான். அதுவரை பலர், பயிற்சி என்றால் இதயமும் நுரையீரலும் பெலப்படுவது என்று மட்டும்தான் நினைத்திருந்தார்கள். கால் தசையின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் மாற்றம் நடக்கிறது என்பதை ஹொலோசியின் எலிகள் காட்டின. மனிதரிலும் இதுவே நடப்பது பிறகு தெரியவந்தது. தசைநார்களைச் சுற்றியுள்ள நுண்ணிய குருதிக் குழாய்களும் பயிற்சியால் பெருகுகின்றன.

இந்த வேலைகளுக்குக் கிழமைகள் வேண்டும். "பத்து நாள் ஓடினேன், ஒன்றும் முன்னேறவில்லை" என்று சோர்ந்துபோகிற பிள்ளையின் தசைக்குள்ளும் அந்த வேலை தொடங்கிவிட்டது. நிறுத்தாமல் ஓடினால் நடந்துகொண்டே இருக்கும்.

அடுத்த நாள் உளைவு யாருடைய வேலை?

முதல் நாள் ஓடி முடித்தபோது கால் பெரிதாக நோகாது. அடுத்த நாள் உளையும். இரண்டாம் நாள் இன்னும் கூடும். பிறகு குறைந்துகொண்டு போகும். "இலற்றிக் அமிலம் காலில் தங்கிவிட்டது" என்று பெரியவர்கள் சிலர் விளக்கம் சொல்வார்கள். நீண்ட காலம் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

நாங்கள் துப்பறிவோம். வேகமாக ஓடும்போது தசையில் இலற்றேற்று உண்டாவது உண்மை. ஆனால் ஓட்டம் முடிந்து ஒரு மணித்தியாலம் அளவில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். இதயமும் மற்றத் தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துப் பயன்படுத்திவிடுகின்றன. நேற்றுப் பின்னேரமே போய்விட்டது, இன்று காலை வந்த உளைவுக்குக் காரணமாக இருக்க முடியுமா?

இன்னொரு தடயமும் உண்டு. மேட்டில் ஏறுவதுதான் இளைப்பைத் தரும். ஆனால் அடுத்த நாள் உளைவைக் கூடுதலாகத் தருவது பள்ளத்தில் இறங்குவது. இறங்கும்போது உங்கள் தொடைத் தசை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். முழங்கால் மடிய விடாமல் தாங்கிப் பிடிக்கிறது. சுருங்கப் பார்க்கிற அதே நேரத்தில் நீட்டி இழுக்கப்படுகிறது. அப்படி இழுபடும்போது தசைநார்களின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்கள் ஏற்படுகின்றன. உடம்பு அவற்றைத் திருத்த ஆட்களை அனுப்புகிறது: வெண்குருதிக் கலங்கள் வருகின்றன, அந்த இடத்தில் சிறிது வீக்கம் உண்டாகிறது, நரம்புகள் கூச்சம் அடைகின்றன. இதற்கெல்லாம் ஒன்றிரண்டு நாள் எடுப்பதால்தான் உளைவும் பிந்தி வருகிறது.

1902ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடற்றொழிலியலாளர் தியடோர் ஹஃப் இதை ஊகித்தார். விரலால் ஒரு சுருள்வில்லைத் திரும்பத் திரும்ப இழுக்கச் செய்து, வேலையின்போது வரும் களைப்பும் அடுத்த நாள் வரும் உளைவும் வெவ்வேறு என்று அவர் எழுதினார்.

திருத்தி முடிந்த தசை முன்னையதைவிட உறுதியாக இருக்கும். அதே தூரத்தை அடுத்த கிழமை ஓடினால் உளைவு மிகக் குறைவாக இருப்பதை நீங்களே காண்பீர்கள். உளையும் நாளில் படுத்தே கிடக்கவும் வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக ஓடவும் வேண்டாம். மெதுவாக நடவுங்கள், சைக்கிள் மிதியுங்கள், நன்றாக நித்திரை கொள்ளுங்கள். வளர்ச்சி ஓமோன் கூடுதலாகச் சுரப்பது ஆழ்ந்த நித்திரையில்தான்.

கடைசியில் பழகுவது எலும்பு

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நிலம் உங்கள் காலைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசை உங்கள் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு. நிறை 40 கிலோ என்றால், ஒரு காலில் 80 முதல் 120 கிலோ வரை ஏற்றிவைத்த மாதிரி. உங்கள் ஓட்ட அடி 80 சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஒரு கிலோமீற்றருக்கு 1,250 அடி. மூன்று கிலோமீற்றருக்கு 3,750. இத்தனை அடியையும் எலும்பும் தசைநாணும் தாங்க வேண்டும்.

தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான பட்டி. கெண்டைக்காலையும் குதிக்காலையும் இணைக்கிற குதிநாண் உங்கள் உடம்பிலேயே மிகப் பெரியது. கால் நிலத்தில் படும்போது அது நீளும்; கால் எழும்பும்போது சுருங்கிச் சக்தியைத் திருப்பித் தரும். 1987இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். ஓடும் மனிதனின் ஒவ்வொரு அடியிலும் கைமாறும் சக்தியில் ஏறத்தாழ 35 சதவீதத்தைக் குதிநாணும், 17 சதவீதத்தைப் பாத வளைவும் இப்படிச் சேமித்துத் தருகின்றன என்று கண்டார்கள். இத்தனை வேலை செய்கிற குதிநாணுக்குக் குருதி ஓட்டம் தசையைவிடக் குறைவு. ஆகவே அது மெதுவாகத்தான் பெலப்படும்.

எலும்பைச் செத்த பொருள் என்று நினைக்காதீர்கள். ஓட ஓட அதற்குள்ளும் வேலை நடக்கிறது. வீதி திருத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்: முதலில் பழைய தாரைக் கிண்டி எடுப்பார்கள், பிறகுதான் புதிதாகப் போடுவார்கள்; இடையில் சில நாள் அந்த இடம் முன்னையதைவிட மோசமாக இருக்கும். எலும்பிலும் அதே ஒழுங்குதான். நைந்த பகுதியை ஒருவகைக் கலங்கள் முதலில் அரித்தெடுக்கின்றன. இன்னொரு வகைக் கலங்கள் புது எலும்பைப் படியவைக்கின்றன. ஓரிடத்தில் இந்த வேலை முடிய மூன்று நான்கு மாதமாவது வேண்டும். அரித்து முடிந்து புதிது படியாத காலத்தில் நீங்கள் தூரத்தைத் திடீரெனக் கூட்டினால், அந்த இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகலாம்.

இதை முதன்முதலில் கவனித்து எழுதியவர் பிறைற்ஹவுப்ற் என்ற பிரஷ்ய இராணுவ வைத்தியர், 1855ஆம் ஆண்டில். படையில் புதிதாகச் சேர்ந்து நெடுந்தூரம் அணிநடை போன வாலிபர்களின் பாதங்கள் வீங்கி நொந்தன. யாரும் விழவுமில்லை, அடிபடவுமில்லை. எக்ஸ்றே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதற்குப் பிறகுதான் பாத எலும்பில் இருந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. சீனன்குடாவில் விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இருப்பது உங்களுக்குத் தெரியும். உலகத்தில் எந்தப் படையாக இருந்தாலும், புதிதாகச் சேர்கிறவர்களின் ஓட்டத்தையும் நடையையும் படிப்படியாகக் கூட்டவேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

உங்களுக்கு மட்டும் உரிய இரண்டு நோவுகள்

பெரியவர்களுக்கு இல்லாத ஒன்று உங்கள் எலும்புகளில் இருக்கிறது: வளர்ச்சித் தட்டு. எலும்பின் அந்தத்தில் கசியிழையத்தால் ஆன மெல்லிய பகுதி அது. நீங்கள் உயரமாக வளர்வது அந்த இடத்தில்தான். முற்றிய எலும்பைவிட அது மென்மையானது.

பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் எலும்பு மளமளவென்று நீளும். தசையும் நாணும் அதே வேகத்தில் நீள்வதில்லை. ஆகவே அவை இறுகி, தாங்கள் பொருந்தியிருக்கும் இடத்தை இழுக்கும். முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே சிறு மேடு போல் வீங்கி நொந்தால் பெரும்பாலும் அது இந்த இழுவைதான். 1903ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒஸ்கூட், சுவிற்சர்லாந்தில் ஸ்லாற்றர் என இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே இதை விவரித்தார்கள். குதிக்காலின் பின்பக்கத்தில் வரும் இதே மாதிரியான நோவை 1912இல் செவர் என்ற வைத்தியர் விளக்கினார்.

பயப்பட ஒன்றுமில்லை, வளர்ச்சி முடிய இந்த இரண்டும் அநேகமாகத் தாமாகவே மாறிவிடும். ஆனால் நோகும் காலத்தில் ஓட்டத்தையும் பாய்ச்சலையும் குறைக்கவேண்டும். "சாட்டுச் சொல்லுறான்" என்று யாராவது சொன்னால் இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வளர்கிற பிள்ளையின் நோவு உண்மையான நோவு.

மணலா, தாரா?

சீனன்குடாவில் கால் வைக்க எல்லா வகைத் தரையும் உண்டு. தார் வீதி கடினமானது, சமமானது. ஆனால் வாகனங்கள் வரும். மணல் மெதுமெதுப்பானது. மணலில் ஓடுவது காலுக்குச் சுகமென்று பலர் நினைக்கிறார்கள். 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, கடினமான தரையைவிட மணலில் ஓட 1.6 மடங்கு சக்தி செலவாவது தெரிந்தது. கால் ஊன்றும்போது மணல் விலகிப்போவதால் தசை கூடுதலாக உழைக்கிறது. குதிநாண் தரவேண்டிய சக்தியில் ஒரு பங்கும் மணலுக்குள் போய்விடுகிறது. ஆக, மணலில் ஒரு கிலோமீற்றர் ஓடியவர் தார் வீதியில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய சக்தியைச் செலவிட்டிருக்கிறார். புதிதாகத் தொடங்குகிறவர் மணலில் கொஞ்சமாக ஓடினால் போதும்.

அலை நனைத்து இறுகிய கரை மணல் ஓடுவதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் படும். போன தூரத்தையே திரும்பி ஓடி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். புதியவர்களுக்கு எல்லாவற்றிலும் நல்லது பாடசாலை மைதானத்து மண்தரைதான். கல், முள், போத்தல் ஓடு இல்லாததைப் பார்த்துக்கொள்ளுங்கள். சப்பாத்துப் போடுகிறவர்கள் விலையைப் பார்க்க வேண்டியதில்லை. விரல் நெருக்காமல், குதிக்கால் கழராமல் இருந்தால் சரி.

வாடையும் கச்சானும்

தசை பயன்படுத்துகிற சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மற்றதெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற எங்கள் தோலில் இரண்டு முதல் நான்கு மில்லியன் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலில் இருந்து ஏறத்தாழ 2.4 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கவனியுங்கள், ஆவியானால்தான் குளிர்ச்சி. நிலத்தில் சொட்டி விழுந்த வியர்வையால் பயன் இல்லை.

மழைக்காலத்து வாடையில் காற்று ஈரமாக இருக்கும். வியர்வை இலகுவில் ஆவியாகாது. உடம்பு நனைந்தே இருக்கும். வைகாசிக்குப் பிறகு மலைநாட்டைக் கடந்து மேற்கே இருந்து வருகிற கச்சான் காற்று வேறு மாதிரி. மலையின் அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்து வருகிறது. கச்சானில் வியர்வை வந்தவுடனேயே காய்ந்துவிடும். "எனக்கு வேர்க்கவே இல்லை" என்று நினைப்பீர்கள். அதற்குள் உடம்பு நிறையத் தண்ணீரை இழந்திருக்கும். ஓடுமுன்னும் ஓடிய பின்னும் தராசில் நிறுத்துப் பார்த்தால், குறைந்த நிறையில் பெரும்பங்கு நீங்கள் இழந்த தண்ணீர்தான்.

வெயிலை விளையாட்டாக எடுக்கக் கூடாது. 2024 மார்ச் மாதத்தில் எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அந்த ஆண்டின் அதே வெப்பக் காலத்தில் கல்வி அமைச்சும் வெளியிட விளையாட்டுகளைத் தவிர்க்கும்படி பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. அந்தப் பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஆகவே இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: காலை ஏழு மணிக்கு முன் ஓடி முடியுங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பின் ஓடுங்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்தால் ஓட வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். ஓடிய பிறகு உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ, மோரோ, இளநீரோ நல்லது. தலை சுற்றினால், குளிர் நடுங்கினால், கண் இருண்டால், நெஞ்சு நொந்தால் அந்த இடத்திலேயே நின்று பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். நண்பன் ஒருவன் தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அவனை நிழலுக்குக் கொண்டுபோங்கள்; உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; உடனே ஆசிரியருக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் செய்யுங்கள்.

எந்த நோவுக்கு நிற்க வேண்டும்?

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2008இல் அது வெளிவந்தது. ஒரு குழு 13 கிழமையில் மெதுவாகக் கூட்டியது. மற்றது 8 கிழமையில் கொஞ்சம் வேகமாகக் கூட்டியது. இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்கு ஏதோவொரு காயம் வந்தது. அட்டவணை மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது என்பதை இது காட்டுகிறது. அட்டவணையோடு உங்கள் உடம்பு சொல்வதையும் கேட்கவேண்டும்.

இரண்டு காலிலும் ஒரே மாதிரி, தசை முழுவதும் பரவி, கொஞ்சம் நடந்தால் இளகி, மூன்று நான்கு நாளில் மாறிவிடும் உளைவு வழமையானது. ஒரு காலில் மட்டும், ஒரு விரலால் தொட்டு "இந்த இடம்தான்" என்று காட்டக்கூடிய நோவு, எலும்பின் மேல் நோவு, ஓட ஓடக் கூடும் நோவு, இரவில் எழுப்பும் நோவு, நொண்ட வைக்கும் நோவு: இவற்றில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே ஓய்வு கொடுத்த எலும்பு சில கிழமையில் ஆறும். மறைத்து ஓடினால் மாதங்கள் போய்விடும்.

எப்போது தொடங்குவது?

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். குருதிக்கு இரண்டு கிழமை. தசைக்கு எட்டு முதல் பன்னிரண்டு கிழமை. எலும்புக்கு மூன்று நான்கு மாதம். உங்கள் மரதன் மாசி மாதத்தில் என்றால், நான்கு மாதம் பின்னால் எண்ணுங்கள்: மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி. தொடங்க வேண்டியது ஐப்பசியில். மாசி பிறந்த பிறகு ஒரு கிழமை ஓடிவிட்டு மரதனுக்குப் போகிறவரின் குருதிகூட முழுதாகப் பழகியிருக்காது. எலும்பு ஒன்றும் அறியாது.

கிழமைக்கு மூன்று நாள் போதும். இடையில் ஒவ்வொரு நாள் ஓய்வு. முதல் இரண்டு கிழமை ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஏழு தடவை. மூன்றாம் நான்காம் கிழமை இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை; ஐந்து தடவை. ஐந்தாம் ஆறாம் கிழமை நான்கு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, நான்கு தடவை. ஏழாம் எட்டாம் கிழமை எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இரண்டு தடவை. அதன் பிறகு நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கடினமாக இருந்தால் அதே கிழமையை மீண்டும் செய்யுங்கள். எப்போதும் பேசக்கூடிய வேகம். கார்த்திகையில் மழை கொட்டும்; மழைவிட்ட நேரம் பார்த்து ஓடலாம், மின்னல் இருந்தால் வீட்டில் இருங்கள்.

சாப்பாட்டில் சோறு, குரக்கன், பயறு, கடலை, மீன், முருங்கையிலை எல்லாம் சேரட்டும். ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். பெண்பிள்ளைகள் இதை விசேடமாகக் கவனியுங்கள். சோற்றோடு தேநீர் குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். தேநீரை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடியுங்கள்.

"எனக்கு ஓட்டம் வராது" என்று நினைக்கிற பிள்ளைக்கு ஒரு செய்தி. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 72. அந்த வயதிலும் பழகுகிற உடம்பு பதினொரு வயதில் பழகாமலா போகும்? அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுத்தால் போதும்.

இன்றே ஒரு கொப்பியை எடுங்கள். நான்கு நிரல் கீறுங்கள்: திகதி, காலை நாடி, ஓடிய நிமிடம், நோவு இருந்தால் எங்கே. ஐப்பசி முதல் மாசி வரை எழுதுங்கள். இளைப்பு எந்தக் கிழமையில் குறைந்தது, உளைவு எப்போது மறைந்தது, எலும்பில் நோவு வந்ததா, வந்தால் அதற்கு முந்திய கிழமையில் என்ன மாற்றினீர்கள் என்று தேடிப் பாருங்கள். பிறகு அந்தக் கொப்பியை உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடமும் விளையாட்டு ஆசிரியரிடமும் காட்டுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் இல்லத்துத் தம்பி தங்கைகளுக்கு எந்த மாதத்தில் பயிற்சி தொடங்கவேண்டும் என்று சொல்ல, உங்கள் கையில் உங்கள் சொந்த ஆதாரம் இருக்கும்.